முதலாளி வாசலோடு நின்ற கம்பெனி

எண்பதுகளின் தொடக்கம். பாலிடெக்னிக் முடித்த கையோடு, பாடாலூரில் ஸ்டெபிலைசர் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். முதலாளி பெங்களூர்த் தமிழர். ஹைவே ஓரம், குறைந்த வாடகை, கரண்ட் வசதி என்று கணக்குப் போட்டு ஷெட் பிடித்திருந்தார். பெங்களூரில் போலவே இங்கேயும் பெண்கள் பஸ் ஏறி வேலைக்கு வந்துவிடுவார்கள் என்பது அவர் நினைப்பு. என்னைத் தவிர ஒருத்தியும் வரவில்லை. வெயிலில் காட்டு வேலைக்கு அனுப்புகிறவர்கள்கூட, லாரிகள் நிற்கிற இடத்தில், மூடிய ஷெட்டுக்குள் ஆண்களோடு உட்காரப் பெண்ணை அனுப்பத் தயாராக இல்லை. சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தார். ஊருக்குச் சந்தேகம்தான் கூடியது.

"மாசக் கடைசியில பூட்டிட்டு பெங்களூருக்கே போயிடுறேம்மா" என்றார். பெரம்பலூரில் என் வீட்டில் ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார்கள். வேலை போனால் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

அந்த வாரம், முஸ்லிம்கள் நிறைந்த லப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டுக்கு ஸ்டெபிலைசர் மாட்டப் போனேன். வீட்டுக்காரியின் கணவர் துபாயிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருந்த ஃப்ரிட்ஜுக்கு. வீட்டில் ஆண்கள் இல்லாததால் பெண் வந்தால்தான் உள்ளே விடுவார்களாம். நான் மூடியைக் கழற்றியதும் அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். உள்ளே செம்புக் கம்பி சுற்றியிருந்த காயிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத நாங்களே சுத்திடுவோம் போலருக்கே" என்றாள்.

"அப்ப பாடாலூருக்கு வாங்களேன்" என்றேன்.

"அங்க நாங்க எப்படிங்க வர்றது? உங்க கம்பெனிய இங்க கொண்டாங்க. பின்கட்டு சும்மாதான் கெடக்கு. ஆம்பளைங்க மட்டும் உள்ள வரக் கூடாது."

முதலாளியிடம் சொன்னதும் குதித்தார். "என் கம்பெனிக்குள்ள நானே போகக் கூடாதா?"

"போனா கம்பெனி இருக்காது சார்" என்றேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ!

முனகிக்கொண்டே ஷெட்டைக் காலி செய்தார். நான் தினமும் பஸ்ஸில் போய் அந்தப் பெண்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தேன். முதல் லோடு தயாரான அன்று அவர் தெருவில் நின்றபடியே ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று தேடினார், பாவம். உள்ளிருந்து சர்பத் வந்தது. நின்றபடியே குடித்துவிட்டு, "நல்லாப் பண்ணியிருக்காங்கன்னு உள்ள சொல்லும்மா" என்றார்.

அன்று மாலையே, இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பிறகு எத்தனையோ ஊர்களில் யூனிட் போட இடம் பார்த்தாயிற்று. ரோடும் கரண்டும் பார்ப்பதற்கு முன், அந்த ஊர்ப் பெண்கள் கூசாமல் வந்து உட்காரும் இடமா என்றுதான் பார்ப்பேன். வாசல் தாண்டாத அந்தப் பெண்களால்தான் நான் வீட்டோடு முடங்காமல் தப்பித்தேன் என்று நினைத்தால், இன்றும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.