அத்தை வாயில வராத பேரு

லூனாஸ்ல எங்களுக்குப் பக்கத்து வீடு பரஞ்சோதி மாமா வீடு. சொந்தம் எல்லாம் இல்ல. ரெண்டு வீட்டுக்கும் சுவரு ஒண்ணு, அவ்ளோதான். மாமா முப்பது வருஷம் செம்பனை லோரி ஓட்டுனாரு. தோட்டத்துல குலைய ஏத்தி, மில்லுல கொண்டுபோய் எறக்கணும். சாயந்திரம் வீட்டு முன்னால நிறுத்தி டயருக்குத் தண்ணி அடிச்சாருன்னா, அந்தச் செவப்பு மண்ணு எங்க வாசல் வரைக்கும் ஓடி வரும். எங்கம்மா திட்டுவாங்க. நான் செருப்பக் கழட்டிட்டு அதுல நின்னுக்கிட்டிருப்பேன்.

மாமாவோட அப்பா பேரு பிச்சை. தன் பேரு மாதிரி புள்ள பேரு இருக்கக் கூடாதுன்னு, இருக்கறதுலயே பெருசா ஒண்ணத் தேடி வெச்சாராம். "வெச்சது சரி. சொல்றதுக்குத்தான் ஊருல ஒருத்தனுக்கும் வாயில்ல லா"ன்னு மாமா சிரிப்பாரு.

மில்லு தராசுல ஒக்காந்து கணக்கெழுதுற சீனக் கிராணி, "பலான்சொத்தி! மாசோக்! மாசோக்!"னு லோரிய உள்ள வரச் சொல்லிக் கத்துவாரு. ரோட்டுல நிறுத்துற போலீஸ்காரரு லைசன்ஸ வெயில்ல தூக்கிப் பிடிச்சு, மேடு ஏறுற லோரி மாதிரி, "பா... ரான்... ஜோ... தி?"ன்னு ஏறி எறங்குவாரு. பேங்க் கவுண்டர்ல இருந்தது நம்ம தமிழ்ப் பொண்ணுதான். அதுவே "மிஸ்டர் பரன்ஜாட்டி"ன்னு கூப்பிட்டுச்சாம். மாமா வந்து சொல்லுவாரு, நான் அந்தந்தக் குரல்ல அப்படியே செஞ்சு காட்டுவேன். அவரு ரப்பர் பைப்ப கீழ போட்டுட்டு வயித்தப் புடிச்சுக்குவாரு. ஸ்கூல்ல படிக்கறப்ப ஆரம்பிச்சது, நான் குலிம் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போன பொறவும் நிக்கல. "பாப்பா, இன்னிக்கி புதுசு ஒண்ணு கெடச்சிருக்கு!"

பிரேமாவதி அத்தை மட்டும் அந்தப் பேரத் தப்பா சொன்னதே இல்ல. ஏன்னா, சொன்னதே இல்ல.

அத்தை சுங்கை லாலாங் தோட்டத்துக்காரங்க. புருஷன் பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு, கல்யாணத்துக்கு மொத நாள் அவங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்களாம். கிளினிக்ல பேரு கேட்டா அத்தை, பேரு போட்ட மாமாவோட ஐசி கார்ட நீட்டுவாங்க. கோயில்ல குருக்கள், "யாரு பேருக்கும்மா அர்ச்சனை?"ன்னா என்னப் பாப்பாங்க. நான் சொல்லணும். அதுக்குன்னே வெள்ளிக்கிழமையில என்னக் கூட்டிட்டுப் போவாங்க. கூலி ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங்.

மாமாவுக்கு இது ஒரு கொறை. "எல்லாப் பயலும் ஒடச்சுப் போட்ட பேரு லா. சரியா சொல்லத் தெரிஞ்சவ ஒருத்தி இருக்கா, அவ வாயே தொறக்க மாட்டேங்குறா."

ரெண்டு வருஷத்துக்கு முன்னால மாமாவுக்கு நெஞ்சு வலி. மூணு எடத்துல அடைப்பு, ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை எனக்கு ஓவர்டைம். அத்தை தனியா கோயிலுக்குப் போயிட்டு வந்தாங்க. நான் வேலை முடிச்சு நேரா அவங்க குசினிக்குப் போறேன், அங்க அடுப்புக்கு முன்னாலயே சண்டை.

"யாரு பேருக்கு அர்ச்சனை பண்ணச் சொன்ன?"

"சாமி பேருக்குத்தான்."

"நெஞ்சு அடச்சது சாமிக்கா, எனக்கா?"

நான் சிரிச்சிட்டேன். மாமா சிரிக்கல. "திங்கக்கிழமை நெஞ்சத் தொறக்கப் போறான். திரும்பி வருவேனோ மாட்டேனோ. ஒரே ஒரு தடவ உன் வாயால கேட்டுட்டுப் போறேனே."

"முப்பத்தாறு வருஷம் சொல்லாம காப்பாத்தி வெச்சிருக்கேன். கத்தி வெக்கப் போற நேரத்துல சொல்லணுமா? போங்க அங்குட்டு!"

"சரி விடு. பாப்பா, நீ அவ குரல்ல சொல்லு."

எனக்குப் புத்தி எங்க போச்சோ. அத்தை குரலு ரொம்ப சுலபம். மூக்குல ஆரம்பிச்சு, கடைசியில கொஞ்சம் எறங்கும். சொல்லிட்டேன். "பரஞ்சோதி."

அத்தை டக்குனு வாயப் பொத்துனாங்க. என் வாய இல்ல, அவங்க வாய.

"என் குரல்லயே சொல்லிட்டியேடி"ன்னாங்க. அதோட என்கிட்டப் பேச்சு நின்னு போச்சு.

திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் காரு ஓட்டுனது நான்தான். அத்தை முன் சீட்டு வேணாம்னு பின்னால போய் ஏறிட்டாங்க. ஆபரேஷன் ஆறு மணி நேரம். ஏதாவது ஆச்சுன்னா டாக்டர யாரும் கேக்க மாட்டாங்க, என்னத்தான் கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலியில ஒக்காந்து, இனிமே யாரு குரலும் செய்ய மாட்டேன்னு எனக்குத் தெரிஞ்ச எல்லா சாமிக்கும் வேண்டிக்கிட்டேன்.

ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. ஆனா மறுநாள் காலையில பாக்க விட்டப்பவும் மாமா கண்ணு தொறக்கல. நர்ஸு, ஒரு மலாய்க்கார மிஸ்ஸி, தோளத் தட்டி, "பாக்சிக் பாரான்! பாங்குன்! பாக்சிக் ஜொதி!"ன்னு எழுப்புறாங்க. இன்னொரு மிஸ்ஸி வந்து, நான் கூட அதுவரைக்கும் கேக்காத ஒரு மாதிரி அந்தப் பேர ஒடச்சுக் கூப்பிட்டுப் பாத்தாங்க. ஒண்ணும் அசையல.

அத்தை என்னப் பாத்தாங்க. கோயில்ல பாக்கற அதே பார்வை. நான் வாயத் தொறந்தேன். வேணாம்னு தலைய ஆட்டிட்டு, அவங்களே கட்டிலுக்குப் போனாங்க. குனிஞ்சு, முந்தானைய மறைப்பா புடிச்சுக்கிட்டு, மாமா காதுல என்னமோ சொன்னாங்க. நான் நின்னது ரெண்டே அடி தூரத்துல. ஈ பறக்கற சத்தத்தக் கூட திருப்பிச் செய்யற காது என்னோடது. ஒண்ணுமே விழல.

மாமா கண்ணத் தொறந்தாரு.

வெளிய வந்ததும் கேட்டேன். "என்ன அத்தை சொன்னீங்க?"

"காலு குளுருதான்னு கேட்டேன்"னாங்க. நாலு நாளைக்கி அப்புறம் என்கிட்டப் பேசுன மொத வார்த்தை. நான் அழுதுட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு மாமாகிட்டயும் கேட்டுப் பாத்தேன். "காலு குளுருதான்னு கேட்டா லா"ன்னு சொவத்தப் பாத்துக்கிட்டு சொன்னாரு.

இப்ப லோரிய வித்துட்டு ரெண்டு பேரும் கிள்ளான்ல மக வீட்டோட போயிட்டாங்க. பக்கத்து வீட்டுல வேற ஆளு. வாசலு எப்பவும் காஞ்சு கெடக்கு. மாமா போன மாசம் போன் பண்ணாரு. "பாப்பா, எல்லாத்தையும் ஒரு தடவ போடு. கேட்டு நாளாச்சு." கிராணி, போலீஸ், பேங்க் பொண்ணு, ரெண்டு மிஸ்ஸின்னு வரிசையா போட்டேன். மனுசன் இருமி இருமி சிரிக்கிறாரு. "இப்ப அத்தை"ன்னு சும்மா சீண்டுனேன்.

"அது வேணாம் பாப்பா. அன்னிக்கி குசினியில நீ செஞ்சியே, அது தப்பு லா. அவ அவ்ளோ வேகமா சொல்ல மாட்டா."

பின்னால இருந்து அத்தை, "போன வைங்க மொதல்ல!"ன்னு கத்துறது கேட்டுச்சு.