ருக்மணி ஊட்டிய சோறு

என் தங்கை ருக்மணியைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. தோட்டத்துப் பள்ளியில் நான் நாலாம் வகுப்போடு நின்றவள். அவள் என்னைவிடக் கூடுதலாகப் படித்தாள். தையலும் தானே பழகிக்கொண்டாள். அவள் தைத்த ரவிக்கையில் கைக்குழி இழுக்காது, தையல் நெளியாது. மலாக்கா டவுனில் கடை வைத்திருந்தவர்களின் வீட்டுப் பெண்கள்கூடத் துணியை எடுத்துக்கொண்டு, எங்கள் வீடு இருந்த காஜா பெராங்குக்கு அவளைத் தேடி வந்தார்கள்.

அவள் கலியாணசுந்தரத்துக்கு இரண்டாம் தாரமாகப் போனாள். ஆற்றோரத்துக் கிட்டங்கியில் ரப்பர் ஷீட் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. கம்போங் செட்டிக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தார். செத்துப்போன முதல் மனைவியின் மகள் விஜயா, என் தங்கையைச் சித்தி என்று கூப்பிட்டாள். தகப்பன் ஊட்டினால் மளமளவென்று சாப்பிடுவாள். ருக்மணி தட்டு வைத்தால் நாலு வாயில், "போதும் சித்தி" என்பாள்.

"வேற வீட்டு ஆளு வந்து சோறு போட்ட மாதிரி பாக்குதுக்கா" என்று ருக்மணி என்னிடம் சொல்லுவாள். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், விஜயாவின் அம்மாவுக்குத் திதி வந்தது. ஊரெல்லாம் வளைவு கட்டிக்கொண்டிருந்த நேரம். உதவிக்கு நான் போயிருந்தேன். இறந்தவளின் அக்கா சீதா, செமாபோக்கிலிருந்து வந்திருந்தாள்.

"என் தங்கச்சிக்குக் கறித்துண்டு பெருசா இருக்கணும். பொடிப்பொடியா வெட்டி வெச்சிராத" என்று வந்ததுமே சொல்லிவிட்டாள். ருக்மணி அப்படியே ஆட்டுக்கறியைப் பெரிதாக வெட்டிப் பிரட்டினாள்.

படையல் போட்டுச் சூடம் காட்டிவிட்டு, லோரி வருகிற நாள் என்று கலியாணசுந்தரம் கிட்டங்கிக்குத் திரும்பிப் போனார். செத்தவளுக்கு வைத்த இலையில் அவள் பெற்ற பிள்ளைதான் முதலில் உட்கார வேண்டும். இலையில் மிச்சம் வைத்தால் படையலுக்கு வந்த தாய் பசியோடு திரும்பிப் போவாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. விஜயாவுக்கு முன்பல் விழுந்திருந்தது. கறியைக் கடைவாயில் ஒதுக்கி மென்றுகொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"சித்தி, இங்க நிக்குது." கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் மேல்பக்கம் விரலை வைத்துக் காட்டினாள். மூச்சு நன்றாக வந்தது. பேச்சும் தெளிவாக இருந்தது.

"முழுங்கு, போயிடும்" என்றாள் ருக்மணி.

"போக மாட்டேங்குது. எனக்குப் போதும்."

சீதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "பெத்தவளுக்கு வெச்ச சோத்தையே வேணாம்னு சொல்லுது பாரு. நல்லாத்தான் பழக்கி வெச்சிருக்க."

ருக்மணியின் முகம் சுண்டிப்போனது. சோற்றைக் கெட்டியாக உருட்டினாள். "மெல்லாத, அப்படியே முழுங்கு. உருண்டை உள்ள இருக்கறதைத் தள்ளிக்கிட்டுப் போயிடும்." மீன் முள் குத்தினால் நாங்கள் எல்லோரும் செய்கிற வைத்தியம் அது. பிள்ளை ஒன்றை விழுங்கினாள். இரண்டாவதற்குக் கண்ணில் நீர் வந்தது. தலையை ஆட்டினாள்.

"நடிக்காத விஜயா. தொற வாயை."

மூன்றாவது உருண்டைக்குப் பிறகு தண்ணீரைக் கொடுத்தாள். தண்ணீர் அப்படியே வாய்வழியாகவும் மூக்குவழியாகவும் திரும்பி வந்தது. அதற்கப்புறம் எச்சில் கோழையாக வழிய ஆரம்பித்தது. துடைக்கத் துடைக்க வழிந்தது. அழுகைச் சத்தம் கேட்டு அடுத்த வீட்டுச் செட்டி அம்மா பாக்கியம் ஓடி வந்தாள். மலாக்காச் செட்டிமார் பரம்பரையாக மலாய் பேசுகிறவர்கள்; அவளுக்குத் தமிழ் வராது. பிள்ளையின் வாயைப் பார்த்தவள், ருக்மணி கையிலிருந்த தண்ணீர்க் குவளையைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"ஜாங்ஙான் பாக்சா!" என்று அதட்டினாள். கட்டாயப்படுத்தாதே என்று அர்த்தம். "ரூமா சாக்கிட், செப்பாட்!" என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போக அவளே தெருவில் ஒரு பேச்சாவை, மூன்று சக்கர சைக்கிள் வண்டியை, நிறுத்தினாள்.

விஜயாவை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு ருக்மணி போனாள். சீதாவும் நானும் பின்னாலேயே இன்னொரு பேச்சாவில் போனோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருந்த டிரெசர் என்ன நடந்தது என்று கேட்டார். ருக்மணிக்கு முன்னால் சீதா முந்திக்கொண்டாள். "அவசரமா சாப்பிட்டுடுச்சுங்க." குடும்ப மானத்துக்காகச் சொன்னாள் என்றே நினைக்கிறேன். ருக்மணி அதோடு விட்டிருக்கலாம்.

"இல்லைங்க" என்றாள். "நிக்குதுன்னு சொன்னா. நான்தான் நடிக்காதன்னு சொல்லி மூணு உருண்டை திணிச்சேன். தண்ணியும் குடுத்தேன்."

டிரெசர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சொன்னது நல்லதாப் போச்சு. மயக்கம் குடுத்து எடுக்கணும். உள்ள என்ன போயிருக்குன்னு டாக்டருக்குத் தெரியணும்." பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "நிக்குதுன்னு புள்ள சொன்னா அதோட நிறுத்திடணும்மா. மேல மேல தள்ளினா இறுகிப்போகும், மூச்சுப் பக்கம் தப்பிப் போனாலும் போகும். எச்சிலே எறங்கலைன்னா வாயில ஒண்ணும் குடுக்காம, உக்கார வெச்சே கொண்டாந்துடுங்க. மூச்சே அடைச்சா அது வேற. அப்ப அங்கேயே குனிய வெச்சு முதுகுல தட்டணும்."

டாக்டர் கறியை எடுத்துவிட்டார். சோறு அதைச் சுற்றி அடைத்துப்போயிருந்ததாம். இரண்டு நாள் கழித்துப் பிள்ளையைச் சீதா ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் செமாபோக்குக்கு அழைத்துப் போனாள். கலியாணசுந்தரம் தடுக்கவில்லை. "கொஞ்ச நாள் பெரியம்மா வீட்டுல இருக்கட்டும்" என்று ருக்மணி முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

தையல் மெஷினின் மிதியில் காலை வைத்தபடி ருக்மணி உட்கார்ந்திருந்தாள். மிதிக்கவில்லை. துணி ஊசிக்கடியிலேயே கிடந்தது.

"நீ வேணும்னேவா செஞ்ச?" என்றேன்.

"அவளுக்காக ஊட்டலக்கா. சீதாக்கா பாக்குறாங்கன்னு ஊட்டினேன். என் வயித்துல பொறந்திருந்தா நடிக்காதன்னு சொல்லியிருப்பேனா?"

ஊசிக்கடியில் கிடந்த துணியை நான் எடுத்து மடித்து வைத்தேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த அன்று ஜனமெல்லாம் பாடாங் மைதானத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக, செமாபோக்குக்கு நடந்தோம். அவள் கையில் கஞ்சித் தூக்கு இருந்தது. கஞ்சியைத் துணியில் வடிகட்டி, விரலால் தடவிப் பார்த்து, மறுபடியும் வடிகட்டியிருந்தாள்.

சீதா வாசலிலேயே நின்றாள். "இன்னும் என்ன ஊட்டணும் உனக்கு?"

"ஊட்ட வரலக்கா. அவளா கேட்டா குடுக்கிறேன். இல்லன்னா எடுத்துக்கிட்டுப் போறேன்."

சீதா தூக்கைப் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள். "பால் மட்டும்தான் குடிக்குது. சோத்தைப் பாத்தாலே கழுத்தைப் பிடிச்சுக்குது. நானும் என்னென்னமோ செஞ்சு பாத்துட்டேன்." வழியை விட்டாள்.

விஜயா பாயில் உட்கார்ந்திருந்தாள். ருக்மணி தூக்கைத் திறந்து எதிரே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை கரண்டியால் துழாவினாள். அடிவரைக்கும் துழாவினாள். கட்டி ஒன்றும் தட்டவில்லை.

"நீங்க குடுங்க சித்தி" என்றாள்.

ருக்மணி அரைக் கரண்டிதான் எடுத்தாள். விஜயா அதை வாயில் வாங்கினாள். விழுங்காமல் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். பிறகு, வேண்டுமென்றே, மெதுவாகத் துப்பினாள்.

சீதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் என் தங்கை தன் உள்ளங்கையைப் பிள்ளையின் மோவாய்க்குக் கீழே நீட்டி, துப்பியதை முழுக்க வாங்கிக்கொண்டாள்.

"சரிடா, போதும்" என்று தூக்கை மூடப் போனாள்.

"மூடாதீங்க" என்றாள் விஜயா.