நாலாவது பெஞ்சின் முறை

பிளஸ் டூ படித்த இரண்டு வருடமும் எங்கள் பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லை. வேதியியல் டீச்சர் கெட்டிக்காரர். அதில் நான் புலி. இயற்பியலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பூட்டிய கண்ணாடி பீரோவுக்குள் இருந்த ஒரு முப்பட்டகம்தான். அதை ஒருநாளாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், பொன்னேரியில் கல்லூரி சேரும்போது இயற்பியலையே கேட்டு வாங்கினேன்.

முதல் வாரம் ஒன்றுமே மண்டையில் ஏறவில்லை. ஆனாலும் நான் கவலைப்படவில்லை. வகுப்பு முடியும்போது யாருக்கு என்ன சந்தேகம் என்று சார் கேட்பார். முதல் பெஞ்சுக்காரர்கள் எழுந்து கேட்பார்கள். எங்கள் பழவேற்காட்டு ஏரியில் இறால் வலைக்குப் பாடு உண்டு. இன்று ஒருவர் முறை என்றால் அந்த இடத்தில் வேறு யாரும் வலை இறக்கக் கூடாது. மறுநாள் அடுத்தவர். மீறினால் ஊர்க்கூட்டத்தில் போய் நிற்க வேண்டும். கல்லூரியிலும் அப்படித்தான், முதல் பெஞ்ச் முடிந்து முறை மெல்ல என் நாலாவது பெஞ்சுக்கு வரும் என்று இருந்துவிட்டேன். ஊரில் டச்சுக் கல்லறைச் சுவரோரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். மறுநாளும் முதல் பெஞ்சே எழுந்திருக்கும். இத்தனை பேராசை பிடித்தவர்களா என்று எரிச்சலாக வரும்.

முதல் தேர்வில் கோட்டை விட்டேன். சார் அப்பாவை வரச் சொன்னார். நைனா வந்து நின்றதும், இந்தப் பெண் வாயே திறப்பதில்லை, வேறு பிரிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். முப்பட்டகம் போயிற்று என்று எனக்கு அழுகை முட்டியது.

நைனா என் பக்கம் திரும்பினார்.

“இன்னாத்துக்கும்மா கேக்காம இருந்த?”

“நம்ம முறை இன்னும் வரல நைனா.”

சார் விழித்தார். நைனா சிரிக்கவில்லை. பாடு என்றால் என்ன, யாருக்குப் பின் யார், மீறினால் என்ன ஆகும் என்று பொறுமையாக விளக்கினார். கடைசியில், “முறை தாண்டக் கூடாதுனு வளந்த பொண்ணு சார்” என்றார். அடுத்த தேர்வு வரை பார்க்கலாம் என்று சார் விட்டுவிட்டார்.

மறுநாள் அவர் நாலாவது பெஞ்சிலிருந்து தொடங்கினார். வெக்டார் என்றால் என்ன என்று நான் கேட்டதும் முதல் பெஞ்ச் சிரித்தது. மணி அடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்த தேர்வில் தப்பித்தேன். கல்லூரி ஆய்வகத்தில் முப்பட்டகமும் கைக்கு வந்தது.

முறை வரும் என்று அவ்வளவு நம்பிக்கையாகக் காத்திருந்தவளுக்கு ஒன்று மட்டும் அப்போது உறைக்கவில்லை. எங்கள் ஊரில் பாடு ஆண்களுக்கு மட்டும்தான். நைனாவுக்கு உண்டு, நாளைக்குத் தம்பிக்கும் உண்டு. அந்த ஏரியில் எந்தப் பெண்ணுக்கும் முறை வந்ததே இல்லை. எல்லாவற்றையும் விளக்கிய நைனா அதை மட்டும் சாரிடம் சொல்லவில்லை.