தாள் உரிக்காத முகமூடி

2024 மார்ச் 9, இரண்டாம் சனிக்கிழமை. அலுவலகம் இல்லை. வழக்கம்போல் எழுந்து, கேட்டில் தொங்கிய பால் பாக்கெட்டை எடுத்துவந்து அடுப்பில் வைத்தேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசை மாறாமல் வாசித்தேன். ஸ்கூட்டரைத் துடைத்தேன். தோசை தின்றேன். எல்லா விடுமுறை நாளும் இப்படித்தான். அன்றைக்குக் கூடுதலாக ஒரே ஒரு வேலை இருந்தது. பொழுது சாய்வதற்குள் நல்ல வெல்டிங் முகமூடி ஒன்று வாங்கி, என் மனைவி அதைப் போட்டுப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுநாள் காலை அவள் தம்பி நாகர்கோவிலிலிருந்து வேனோடு வந்து என் வெல்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அவனுக்கு ஆட்டுக்கூடு அடிக்க வேண்டுமாம்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். வெல்டிங் எனக்குத் தொழில் அல்ல. வீட்டு கேட்டின் கீல் விட்டுப்போனபோது, வருகிறேன் வருகிறேன் என்று சொன்ன ஆள் வரவே இல்லை. அலுத்துப்போய்ச் சின்ன மெஷின் ஒன்று வாங்கி நானே கற்றுக்கொண்டேன். கேட்டுக்குப் பிறகு செருப்பு ஸ்டாண்டு செய்தேன். அது இப்போதும் நிற்கிறது, சுவரில் சாய்த்துவைத்தால். அடுத்து வாஷிங் மெஷினுக்கு ஒரு ஸ்டாண்டு தொடங்கினேன். அதில்தான் கண் போனது.

கண் போனது என்றால் ஒரு ராத்திரிக்கு. என்னிடம் இருந்தது கையில் பிடிக்கும் பழைய கறுப்புக் கண்ணாடிப் பலகை. அதை முகத்துக்கு நேரே பிடித்தால் ஒன்றும் தெரியாது. கம்பியின் நுனி எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பலகையை விலக்குவேன், அதற்குள் பொறி பறந்துவிடும். அன்று இரவு கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. மனைவி நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் போட்டு ஒற்றிக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கண் டாக்டர் அதட்டினார். அவள் அதட்டவில்லை. தம்பிக்குப் போன் செய்தாள்.

“கண்ணுதான் உங்களுக்குச் சோறு போடுது. இரும்பு போடல்ல, கேட்டியளா?” என்றாள்.

தானாகவே இருளும் முகமூடி என்று ஒன்று இருப்பதாகவும், அதில் கண்ணாடி தெளிவாக இருக்கும், பொறி கிளம்பிய நொடியில் கறுத்துவிடும், எனவே விலக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்றும் விளக்கிச் சொன்னேன். அவள் ஒரு வாரம் தவணை கொடுத்தாள். வார நாட்களில் எனக்குப் பொழுதில்லை. கடைசி நாள்தான் அந்தச் சனிக்கிழமை.

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை. கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவரும் என்னை அண்ணாச்சி என்பார். மூத்தவராக இருக்க இருவருக்கும் மனமில்லை. மூன்று முகமூடிகளை எடுத்து வைத்தார். ஆக மலிவானதில் எந்தத் தர முத்திரையும் இல்லை. விலக்கினேன். ஆக விலையுயர்ந்ததில் கழுகுப் படம் வரைந்திருந்தது. கழுகுக்கு நான் பணம் கொடுப்பதாக இல்லை. நடுவிலானதில் பொறியைக் கண்டுபிடிக்கும் உணர்கண் நான்கு இருந்தன. பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம், வெளிக்கண்ணாடியும் தனியாகக் கிடைக்கும்.

“இருட்டுமா?” என்று கேட்டேன்.

“வாசல்ல போயி சூரியனப் பாருங்க அண்ணாச்சி.”

காட்சிக்கு வைத்திருந்ததை மாட்டிக்கொண்டு நடைபாதைக்கு வந்தேன். கண்ணாடி வழியே கோயில், பஸ், கூட்டம் எல்லாம் லேசான பச்சையில் தெளிவாகத் தெரிந்தன. தலையைத் தூக்கினேன். பழவங்காடியே அணைந்துபோனது. நல்லது என்று சொல்லிக்கொண்டு ஒரு எட்டு பின்னால் வைத்தேன். காலடியில் என்னவோ உருண்டது.

“ஐயோ, தேங்கா! என்றெ தேங்கா!” என்று பெண்குரல் ஒன்று மலையாளத்தில் கூவியது. பிள்ளையாருக்கு உடைக்க விற்கும் தேங்காய்க் குவியல்.

குனிந்து முகமூடியோடே பொறுக்கித் தந்தேன். பக்கத்தில் ஒருவர், “எந்தா சேட்டா, ஷூட்டிங் ஆணோ?” என்று கேட்டுவிட்டு, கேமரா எங்கே என்று சுற்றிலும் பார்த்தார்.

கடைக்காரர் அதே மாதிரியில் புதுசு ஒன்றைப் பெட்டியோடு கொடுத்தார். கொடுக்கும்போது, “கண்ணாடி மேல ஒட்டியிருக்க பிளாஸ்டிக் தாள உரிச்சிட்டியன்னா திருப்பி எடுக்க மாட்டேன். உரிக்காமக் கொண்டாந்தா திங்கக்கெழம மாத்தித் தாரேன்” என்றார்.

இதை வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் வீட்டில் எதன் மேலிருந்தும் தாளை உரிப்பது கிடையாது. பிரிட்ஜின் கதவில் வந்த தாள் இன்னும் இருக்கிறது. டிவி ரிமோட் உறைக்குள்ளேயே இருந்து வேலை செய்கிறது. ஸ்கூட்டர் மீட்டரின் தாள் மங்கிவிட்டதால் வேகத்தை நான் காற்றை வைத்து அறிகிறேன். இந்தச் சட்டத்தைப் போட்டவள் மனைவி, காப்பவன் நான்.

சாயங்காலம் பின்கட்டில் சோதனை. மனைவி முற்றத்தின் மறுகோடியில் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க, நான் முகமூடி மாட்டிப் பொறி கிளப்பினேன். இருண்டது உண்மை. ஆனால் பாலுக்குள் முகத்தை வைத்துப் பார்ப்பதுபோல் இருந்தது. வெல்டிங் ஒரு கோடு ஓட்டி முடித்துப் பார்த்தால், சேர வேண்டிய இரண்டு கம்பிகளும் சேராமல் பக்கத்தில் ஒரு தடிப்பு மட்டும் இருந்தது. கம்பியின் நுனி எங்கே என்று பார்க்க முகமூடியைத் தூக்கினேன்.

“தூக்கியாச்சா?” என்றாள் அவள், திரும்பாமலே.

“இல்லயே.”

“மூடி தூக்குற சத்தம் கேட்டுதே!”

அவள் வந்து மாட்டிப் பார்த்தாள். “இதென்ன, கண்ணு போனா எப்படி இருக்கும்னு காட்டுறியளா?”

“தாள் ஒட்டியிருக்கு. அதான் மங்கல்.”

“அப்போ உரியுங்க.”

“உரிச்சா கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். உரிச்சதுக்கப்புறமும் மங்கலா இருந்தா?”

அவள் யோசித்தாள். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் இவ்வளவு நியாயமான சிக்கல் வந்ததில்லை. உரிக்காமல் நல்லதா என்று தெரியாது. தெரிந்துகொள்ள உரித்தால் திருப்பும் உரிமை போய்விடும். இருவரும் முகமூடியை நடுவில் வைத்துக்கொண்டு காப்பி குடித்தோம். கடைசியில் அவள் தீர்ப்புச் சொன்னாள்: “உரிக்காண்டாம். திங்கக்கெழம திருப்பிக் குடுங்க. மெஷின தம்பி நாளைக்கு எடுத்துட்டுப் போவட்டும்.”

மெஷினின் வயரைச் சுருட்டி, நாடாவால் கட்டி, மேலே துணி போட்டு மூடினேன். இறந்துபோனவர்களுக்குச் செய்வதுபோல் இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மைத்துனன் கூப்பிட்டான். கை எச்சில் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். மனைவி ரசம் எடுக்க உள்ளே போயிருந்தாள்.

“அத்தான், வெசனப்படாதீங்க. மெஷின் எங்கிட்டதான இருக்கும்? அடுத்த ஞாயித்துக்கெழம காலத்த ரெயில் ஏறி வந்துருங்க. ஆட்டுக்கூட்ட நீங்களே அடிங்க. இங்க அக்கா கெடையாது, ஒரு தொந்தரவும் இல்ல.”

“முகமூடி?”

“அதெல்லாம் எதுக்கு அத்தான்? எங்கிட்ட நல்ல கூலிங் கிளாஸ் கெடக்கு.”

ரசப் பாத்திரம் மேஜையில் சத்தமாக வந்து இறங்கியது. “லேய், நீ நாளைக்கு வராண்டாம்” என்றாள் அவள் போனைப் பார்த்து.

“ஏன் அக்கா?”

“வேனுக்கு டீசல் செலவாக்காண்டாம். போன வச்சிரு.”

தீர்ப்பு மாறிவிட்டதா, ஒத்திவைக்கப்பட்டதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. முகமூடி பெட்டிக்குள் போய்விட்டது. எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து, பால் எடுக்க வாசலுக்குப் போகும் வழியில் பார்த்தால் அவள் பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் முகமூடி. கை கழுவித் துடைத்திருந்தாள்.

“இங்க வாருங்க. இந்த மூலையப் பிடிங்க. மெதுவா” என்றாள்.

நான் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினேன். அவள் மறுமூலையைப் பிடித்தாள். தாள் சரசரவென்று கிளம்பியபோது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். உள்பக்கத்திலும் ஒரு தாள் இருந்தது. அதையும் உரித்தோம். மனைவி முகமூடியை மாட்டிக்கொண்டாள். நான் பழைய பலகையை முகத்துக்கு நேரே பிடித்து, மெஷினைப் போட்டு, ஒரு துண்டுக் கம்பியில் பொறி கிளப்பினேன்.

“ஆ, இருட்டாயிட்டு!” என்றது முகமூடி. பொறி நின்றதும், “இப்பம் உங்க மீச வரைக்கும் தெரியுது” என்றது. பிறகு, “இன்னொருக்கா போடுங்க.”

போட்டேன். இன்னொருக்கா, இன்னொருக்கா என்று அந்தத் துண்டுக் கம்பி தீரும்வரை போட்டேன். பால் பாக்கெட் கேட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. உரித்த இரண்டு தாள்களையும் அவள் எறியவில்லை. சுருக்கம் நீவி, மடிக்காமல் பெட்டிக்குள் வைத்தாள்.