பெரியதெருவில் உருண்ட சக்கரம்

எங்கள் காலனிக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டுமென்று என் அம்மா மனுப் போட்டிருந்தாள். ஆட்சி மாறி, மேடைக்கு மேடை எல்லோரும் சமம் என்று முழங்கிய காலம். இந்தப் பக்கம் கூலிச் சண்டையில் வயலுக்கு வயல் போலீஸ் நின்றது. இருக்கிற பள்ளி ஒரு மைலுக்கு மேல் தள்ளியிருந்தால்தான் புதுப் பள்ளி தருவோம் என்றார்கள். மழைக்காலத்தில் வாய்க்கால் கரைச் சேற்றில் விழுந்து எழுந்து அலுத்துப்போன என் தம்பி, பள்ளிக்கே போக மாட்டேன் என்று சண்டித்தனம் செய்துகொண்டிருந்தான்.

அளப்பதற்கு ஓவர்சியர் வந்தார். சைக்கிள் சக்கரம் போல ஒன்று, அதற்கு நீளமான கைப்பிடி. ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்று ஒரு சத்தம். எத்தனை சுற்று என்று அதுவே எண்ணிக்கொள்ளுமாம்! பிள்ளைகள் எல்லோரும் அதன் பின்னாலேயே ஓடினோம். பண்ணைக்காரர்கள் குடியிருந்த பெரியதெரு முனையில் சட்டென்று நின்றுவிட்டோம். சக்கரம் மட்டும் பள்ளிக்கான அந்த நேர்வழியில் உள்ளே போனது.

யாரும் எங்களை நிற்கச் சொல்லவில்லை. அங்கே வந்தால் கால் தானாக நிற்கும், அப்படிப் பழக்கியிருந்தார்கள். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஓவர்சியர் திரும்பி வந்தார். “மைல் வரலியேம்மா. கொஞ்சம் கொறையுது.”

“அது நீங்க போன வழிங்க. எங்க புள்ளைங்க வாய்க்கால் கரையச் சுத்தித்தான் போவுது. அங்க உருட்டிப் பாருங்க.”

“ஏன் சுத்திப் போவணும்?”

அம்மா திரும்பி, குடையோடு நின்ற பண்ணைக் காரியஸ்தரைப் பார்த்தாள். பள்ளிக்காக நாங்கள் கேட்ட புறம்போக்கில் பண்ணைதான் நெல் நட்டுவந்தது. பள்ளி வந்தால் அது போய்விடும். தெருவில் விடமாட்டோம் என்று சர்க்கார் ஆள் முன்னால் சொன்னாலோ வம்பு. பாவம், மனுஷன் முழித்தார்.

“யாரும்மா ஒங்களத் தடுத்தா? தெரு பொதுதானே. தாராளமா போவலாமே!”

“நெசமாவாங்க?”

“அட, அதான் சொல்றேன்ல!”

“சார், நீங்களும் கேட்டுக்கிட்டீங்கல்ல?”

ஓவர்சியர் தலையாட்டினார்.

அம்மா தம்பியின் கையைப் பிடித்தாள். “அப்ப இன்னொரு தடவ உருட்டுங்க சார். நாங்களும் கூட வர்றோம். வாங்க புள்ளைங்களா!”

சக்கரம் பெரியதெருவுக்குள் உருண்டது. பின்னால் அம்மா, அவள் பின்னால் நாங்கள். வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். காரியஸ்தரின் முகம் விளக்கெண்ணெய் குடித்தது போல் ஆகிவிட்டது. ‘டக்... டக்...’ என்று சக்கரம் எண்ணிக்கொண்டே போனது. தெரு முடிந்த இடத்தில்தான் அம்மா தம்பியின் கையை விட்டாள்.

இரண்டாவது தடவையும் மைல் வரவில்லை. புதுப் பள்ளியும் வரவில்லை. அந்த ஆத்திரம் அம்மாவுக்குக் கடைசிவரை தீரவில்லை.

மறுநாள் விடியற்காலையிலிருந்து அடைமழை. முதல் மணி அடிக்கும் முன்பே தம்பி வகுப்பில் உட்கார்ந்திருந்தான், காலில் ஒரு பொட்டுச் சேறு இல்லாமல்.