வெள்ளிக்கிழமை விரதமிருந்த கெளிறுகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். கொப்பியை விரிப்பதும், அந்த வீட்டில் சாப்பிட்ட சோற்றை நினைத்து மூடுவதுமாகவே காலம் போயிற்று. பத்தாம் வகுப்போடு நின்றவன் படித்தவர்களைப் பற்றி எழுதினால் பொறாமை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எழுபதுகளில் மெல்பேர்னில் இலங்கைத் தமிழரான எங்களுக்கென்று கோயில் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஒரு எஞ்சினியர் வீட்டு ஹோலில் கூடுவோம். விளக்கேற்றி, தேவாரம் பாடி, சாப்பிட்டுப் பிரிவோம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் டொக்டர், எஞ்சினியர். நான் வளர்ப்பு மீன் விற்கும் கடையில் தொட்டி கழுவுகிறவன்.

அந்தக் கடைக்குத் தென் அமெரிக்க ஆற்றுக் கெளிறுகள், மீசை வைத்த கெளுத்திச் சாதி மீன்கள், பெட்டி பெட்டியாக வரும். இரண்டு பக்கமும் ஓடு வேய்ந்ததுபோல் கவசத் தகடு போட்டது ஒன்று. மரக்கட்டையை வாயால் கவ்விப் பாசி சுரண்டுவது ஒன்று. காய்ந்த இலைபோல் அசையாமல் கிடப்பது ஒன்று. கையில் எடுத்தால் கறகறவென்று சத்தம் போடுவது இன்னொன்று. குகைக்குள் முட்டைகளை வைத்துச் செட்டையால் விசிறிக்கொண்டு, குஞ்சு பொரிக்கும்வரை காவல் இருக்கும் தகப்பன்மாரும் அதில் உண்டு. ஈசன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் வைத்து, அந்த வாய்க்கேற்ற உணவும் வைத்தான். என் முதலாளிக்கு எல்லாமே குப்பை பொறுக்கி. மற்ற மீன்களின் கழிவைத் தின்று பிழைக்கும், தனியாகத் தீனி வேண்டாம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பாட்டு. எந்தக் கெளிறும் கழிவைத் தின்று பிழைப்பதில்லை. பட்டினியில் செத்தால் வாங்கியவர் இன்னொன்று வாங்க வருவார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பாட்டைத்தான் எஞ்சினியர் வேதமாக எடுத்தார். கவசக் கெளிறு ஆறு வாங்கிப்போய், சுவாமிப் படங்களுக்கு எதிரே கண்ணாடித் தொட்டியில் விட்டார். வேட்டையாடாத மீன், ஆகவே சைவ மீன் என்று தீர்ப்பும் சொன்னார். அவித்த பூசணிக்காய் மட்டும் போட்டார். வெள்ளிக்கிழமை அதுவும் இல்லை, வீட்டோடு மீனுக்கும் விரதம். கந்தசஷ்டி வந்தபோது ஆறு நாளும் வெறும் தண்ணீர். நாங்கள் விரதம் முடித்து வடை பாயசத்தோடு சாப்பிடுவோம். மீன்களுக்கு அந்த முடிப்பும் இல்லை.

"பாருங்கோ தம்பி, தேவாரம் பாடேக்கை மேல வந்து வந்து போகுதுகள். சுவாமி கும்பிடுதுகள்" என்றார் என்னிடம்.

"அது காத்துக்கு வாறது, ஐயா. இந்தச் சாதி காத்தை விழுங்கிக் குடலாலையும் மூச்சு வாங்கும்."

"குடலாலை மூச்சோ? தம்பி எங்கை படிச்சவர், அமேசன் யூனிவேர்சிட்டியிலையோ?" என்று ஒரு டொக்டர் கேட்க, ஹோல் முழுக்கச் சிரித்தது.

"வயிறு ஒட்டிப்போச்சு, ஐயா. உதுகளுக்குப் புழு வேணும்."

"சாமிக்கு முன்னால புழுவோ?" எஞ்சினியரின் முகம் சுருங்கியது. "தம்பிக்குக் கடை நாத்தம் இன்னும் போகேல்லை."

நாள் முழுக்க ஊராரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து மருந்து எழுதுகிறவர்கள் அங்கே இருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஆறு வயிறு உள்ளே போயிருப்பது அவர்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. கல்லுக்குள் தேரைக்கும் படியளக்கிறவன் அளந்த படியைப் பூசணிக்காயாக மாற்ற இவர்கள் யார்? இதை நான் கேட்டிருக்க வேண்டும். அந்த வீட்டை விட்டால் கூடிப் பாட எனக்கு வேறு இடமில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி, மருந்துப் போத்தல் ஒன்றில் கடையில் விற்கும் நூல்போன்ற உயிர்ப்புழுவை எடுத்துக்கொண்டு போனேன். புழுவை மிதிக்கவும் கால் கூசுகிறவன் நான். வழியெல்லாம் முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லோரும் கண்மூடிப் பாடுகிற நேரம் தொட்டிக்குள் கவிழ்த்தேன்.

"என்ன ஊத்தினனீங்கள்?"

சமையற் கரண்டியோடு குசினி வாசலில் எஞ்சினியரின் மனைவி நின்றார்.

"புழு, அக்கா."

அவர் தொட்டியைப் பார்த்தார். ஆறும் மீசையால் மண்ணைத் துழாவித் துழாவி, மூக்கைப் புதைத்துத் தின்றுகொண்டிருந்தன.

"நானும் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன், சாகப்போகுதுகள் எண்டு. இவர் கேக்கிறேல்லை. வாற வெள்ளியும் கொண்டாங்கோ. இவருக்குச் சொல்லாதேங்கோ."

வெள்ளிக்கு வெள்ளி கொண்டுபோனேன். தின்றது போக மிச்சப் புழு மண்ணுக்குள் புதைந்து, வாரம் முழுக்கத் தீனியாகக் கிடந்தது. மீன்கள் உருண்டு திரண்டன. "பாத்தீங்களோ, பூசணிக்காயும் விரதமும் செய்த வேலையை" என்று எஞ்சினியர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். படித்த கூட்டம் தலையாட்டியது. அவர்களில் மூன்று குடும்பம் எங்கள் கடைக்கே வந்து அதே மீனை வாங்கியது. நான்தான் வலைபோட்டுப் பிடித்துப் பையில் கட்டிக் கொடுத்தேன்.

"புழுவும் போடுங்கோ" என்றேன்.

"அங்கை பூசணிக்காயில கொழுத்து நிக்குதுகள். நீர் என்ன கதைக்கிறீர்?"

போத்தல் கதையைச் சொன்னால் வெள்ளிக்கிழமைக் கூட்டம் எனக்கு இல்லை. அக்காவுக்கும் வீட்டில் சண்டை. சொல்லவில்லை. மூன்று வீட்டிலும் ஒரு மீனும் மிஞ்சவில்லை. "விரதத்தில போனது, மோட்சம்தான்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு மோட்சமும் கொடுக்கிறார்.

அவர்களைப் பழிக்க எனக்கு வாய் நீளம். ஆனால் அவர்களின் மூடத்தனத்துக்கு ஆறு கொழுத்த மீன்களைச் சாட்சியாக நிறுத்தியது என் கைதான். பயந்தவனின் புண்ணியம் அப்படித்தான் முடியும்.

பூசணிக்காய்க் கதை இன்னும் கலியாண வீடுகளில் நடமாடுகிறது. சஷ்டிக்கு அந்த மீன்கள் தாமாகவே தீனியை மறுத்தன என்று இப்போது சேர்த்திருக்கிறார்கள். ஆகவே வாசிக்கிற உங்களிடம் கேட்கிறேன். இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், ஆனால் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்த ஆறும் புழுவில் பிழைத்தன. மற்றவை நான் பேசாமல் இருந்ததால் செத்தன. என்மேல் இரக்கப்பட்டு அதை விட்டுவிடாதீர்கள்.