தலைகீழாகப் பறந்ததாகச் சொன்னவர்

என் தங்கை இன்னும் புருஷனிடம் போய்ச் சேராததற்கு அந்த விமானிதான் காரணம்.

கீரனூரில் ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தேன். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை, மெல்லிய மீசை. எதைச் சொன்னாலும் உள்ளங்கையை விமானம்போல் கவிழ்த்து நிமிர்த்துவார். சோறு போதும் என்பதற்கும் அதே சைகைதான்.

ஜெட் விமானங்கள் புதிதாக வந்திருந்த சமயம். பயணிகளோடு போன பெரிய ஜெட்டை ஒருமுறை தலைகீழாகச் சுழற்றி நிமிர்த்தினாராம். நாங்கள் நம்பவில்லை என்றதும் கிணற்றடிக்குப் போய், தண்ணீர் வாளியைக் கயிற்றோடு தலைக்கு மேல் சுற்றிக் காட்டினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

"பின்னாடி நூறு பேரு நல்ல தூக்கம். ஒருத்தருக்கும் தெரியாதுங்க!" என்றார்.

தங்கை கேட்டாள்: "கயிறு அறுந்தா என்னங்க ஆகும்?"

"அறாதும்மா. நான்ல புடிச்சிருக்கேன்" என்று சிரித்தார்.

சிங்கப்பூரிலிருந்து அவள் புருஷன் அனுப்பிய விமான டிக்கெட் அப்போது அவள் பெட்டியில் இருந்தது. "அந்த மாதிரி ஆளு கையில என்னைய ஒப்படைக்காதண்ணே" என்று மறுத்துவிட்டாள். "வர மனசில்லையா?" என்று மாப்பிள்ளை எழுதினார். அதன்பிறகு கடிதமே இல்லை.

அந்த விமானி சொன்னது அளப்பா, நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஐயா விமானியே, பெயரைப் போட்டுப் பத்திரிகையில் எழுதுங்கள். பொய்யென்றால் பொய் என்று எழுதுங்கள். நிஜமென்றால், தூங்கிய நூறு பேரில் யாரைக் கேட்டு அப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.